ஒரே பிபி, ரெண்டு வேற கணக்கு: ஆண் உடம்பும் பெண் உடம்பும் ரத்த அழுத்தத்தை எப்படிப் பாத்துக்குது

25 வயசுல ஒரு ஆண், அதே வயசுல ஒரு பெண், ரெண்டு பேரையும் பக்கத்துல பக்கத்துல உட்கார வச்சு பிபி பாக்கறோம்னு வச்சுக்கோங்க. ரெண்டு பேருக்குமே 115க்கு 75 வருது. மெஷின் ஒண்ணு, நம்பரும் ஒண்ணு, அப்ப உள்ள நடக்கறதும் ஒண்ணாத்தானே இருக்கும்னு தோணும். நானும் ரொம்ப வருஷம் அப்படித்தான் நினைச்சிட்டு இருந்தேன். எங்க அம்மா வாழ்க்கை பூரா லோ பிபிக்காரங்க, வேகமா எழுந்தா தலை சுத்தும், அப்படிப்பட்டவங்களுக்கு 52 வயசுல திடீர்னு பிபி மாத்திரை எழுதிக் கொடுத்தாங்க. அது எப்படின்னு தேடிப் படிக்க ஆரம்பிச்சப்பதான் தெரிஞ்சுது, அந்த 115ங்கற நம்பருக்கு ஆண் உடம்பு வந்து சேர்ற வழியும் பெண் உடம்பு வந்து சேர்ற வழியும் வேற வேறன்னு.

முதல்ல அடிப்படையை ஒரு தடவை பாத்துடுவோம், இது புரியலைன்னா மத்தது எதுவும் ஒட்டாது. பிபின்னா ரத்தம் குழாயோட சுவத்துல கொடுக்கற அழுத்தம். இதயம் சுருங்கி ரத்தத்தைத் தள்ளறப்ப இருக்கறது மேல் நம்பர், தளர்ந்து மறுபடி ரத்தத்தை நிரப்பிக்கறப்ப இருக்கறது கீழ் நம்பர். ஹோஸ் பைப்பால செடிக்குத் தண்ணி விடறவங்களுக்குத் தெரியும், தண்ணி வேகமா வரணும்னா ஒண்ணு குழாயை இன்னும் கொஞ்சம் திறக்கணும், இல்லாட்டி பைப் முனையை விரலால அமுக்கிப் பிடிக்கணும். உடம்புலயும் இதே ரெண்டு பிடிதான். இதயம் நிமிஷத்துக்கு எவ்வளவு ரத்தம் தள்ளுதுங்கறது ஒண்ணு, சும்மா உட்கார்ந்திருக்கறப்போ இது கிட்டத்தட்ட 5 லிட்டர். இன்னொண்ணு, உடம்பு பூரா இருக்கற குட்டிக் குட்டித் தமனிகள் எவ்வளவு இறுகி இருக்குங்கறது. இந்த ரெண்டையும் பெருக்கினா வர்றதுதான் பிபி. அதனால ஒருத்தருக்கு இதயம் நிறைய தள்ளி குழாய் தளர்வா இருக்கலாம், இன்னொருத்தருக்கு இதயம் கம்மியா தள்ளி குழாய் இறுக்கமா இருக்கலாம், கடைசில நம்பர் ஒண்ணாவே வரும். 4ஐ 3ஆல பெருக்கினாலும் 12, 6ஐ 2ஆல பெருக்கினாலும் 12.

இதையெல்லாம் நொடிக்கு நொடி பாத்துக்கறது யாருன்னா, கழுத்துத் தமனிலயும் இதயத்துலேருந்து வெளிய வர்ற பெரிய தமனியோட வளைவுலயும் அழுத்தத்தை உணர்ற நரம்பு முனைகள் இருக்கு. நீங்க படுத்துட்டு இருந்து சட்டுனு எழுந்து நின்னா அரை லிட்டருக்கு மேல ரத்தம் காலுக்கும் வயித்துக்கும் இறங்கிடும், கழுத்துல அழுத்தம் குறையும், உடனே அந்த முனைகள் மூளையோட அடிப்பகுதிக்குச் சேதி சொல்லும், அங்கேருந்து நம்ம கட்டுப்பாடு இல்லாம தானா வேலை செய்யற சிம்பதெடிக் நரம்புகள் வழியா உத்தரவு கிளம்பும், இதயம் வேகமா அடிக்கும், குழாய்கள் இறுகும், நீங்க விழாம நிப்பீங்க. இத்தனையும் சில நொடிக்குள்ள முடிஞ்சிடும், நமக்குத் தெரியவே தெரியாது.

இந்த சிம்பதெடிக் நரம்புதான் இந்தக் கதையில முக்கியமான ஆள். இதோட பேச்சை நேராவே ஒட்டுக்கேட்க ஒரு முறை இருக்கு. 1960கள்ல ஸ்வீடன்ல உப்சாலாவுல ஹாக்பார்த், வால்போன்னு ரெண்டு பேர் உருவாக்கினது, முடி மாதிரி மெல்லிய ஊசியை முட்டிக்குக் கீழ ஓடற நரம்புக்குள்ள நேரா வச்சு, தசைக்குப் போற சிம்பதெடிக் சிக்னலை விழிச்சிட்டு இருக்கற மனுஷங்க கிட்டயே பதிவு பண்றது. அப்படிப் பதிவு பண்ணப்ப ஒரு விசித்திரம் தெரிஞ்சுது. ஆரோக்கியமா இருக்கற, பிபி நார்மலா இருக்கற ஆட்களுக்குள்ளயே ஒருத்தரோட நரம்பு நிமிஷத்துக்கு ஒரு சில தடவைதான் சிக்னல் விடுது, இன்னொருத்தருக்கு அதைவிடப் பல மடங்கு விடுது, ஆனா பிபி ரெண்டு பேருக்கும் ஒண்ணு! குழாயை இறுக்கச் சொல்லி இவ்வளவு உத்தரவு போகுது, அப்புறம் ஏன் பிபி ஏறலை?

இளவயசு ஆண்கள் கிட்ட இதுக்குப் பதில் சுலபமா கிடைச்சுது. நரம்பு சிக்னல் அதிகமா இருக்கற ஆணுக்கு குழாய்கள் நிஜமாவே இறுக்கமாத்தான் இருக்கு, ஆனா அவரோட இதயம் அதுக்கு ஏத்தாப்பல கொஞ்சம் கம்மியா ரத்தம் தள்ளுது. சிக்னல் கம்மியா இருக்கறவருக்கு குழாய் தளர்வு, இதயம் அதிகம் தள்ளும். மேல சொன்ன 4, 3, 6, 2 கணக்கு அப்படியே பொருந்துது.

இதே கணக்கை இளவயசுப் பெண்கள் கிட்டப் போட்டுப் பாத்தா பொருந்தவே இல்லை. 2009ல அமெரிக்காவுல மினசோட்டா மாநிலத்துல இருக்கற மேயோ கிளினிக் ஆராய்ச்சியாளர்கள் இதைக் காட்டினாங்க. நரம்பு சிக்னல் அதிகமா இருக்கற பெண்ணுக்கு குழாய் இறுக்கமாவும் இல்லை, இதயம் கம்மியாவும் தள்ளலை, ரெண்டுக்கும் சம்பந்தமே இல்லாத மாதிரி இருந்துச்சு. உத்தரவு போகுது, ஆனா குழாய் அந்த உத்தரவைப் பெருசா கண்டுக்கலை. எனக்கு இந்த இடம் ரொம்பப் பிடிக்கும், ஏன்னா இங்கதான் பெண் உடம்பை சைஸ் சின்னதான ஆண் உடம்புன்னு நினைச்சுட்டு இருந்த பழக்கம் உடையுது.

அதுக்குக் காரணம் என்னன்னா, சிம்பதெடிக் நரம்பு விடற நார்எபிநெஃப்ரின்ங்கற ரசாயனத்துக்கு குழாயோட சுவத்துல ரெண்டு வகை கதவு இருக்கு. ஆல்ஃபா கதவைத் தட்டினா குழாய் இறுகும், பீட்டா கதவைத் தட்டினா குழாய் விரியும். இளவயசுப் பெண்களுக்கு அந்த பீட்டா கதவு நல்லா வேலை செய்யுது, அதனால ஆல்ஃபா இறுக்க இறுக்க, அதே நேரத்துல பீட்டா தளர்த்திட்டே இருக்கு, ஒருத்தர் கட்டற முடிச்சை இன்னொருத்தர் கூடவே அவிழ்த்துட்டு வர்ற மாதிரி. இது வெறும் ஊகம் இல்லை. ப்ரொப்ரனலால்னு ஒரு மருந்து, பீட்டா கதவை அடைக்கும். 2011ல வந்த இன்னொரு மேயோ ஆய்வுல அதைக் கொடுத்துப் பாத்தாங்க. கொடுத்த உடனே இளம்பெண்கள் கிட்டயும் நரம்பு சிக்னலும் குழாய் இறுக்கமும் சேர்ந்து ஏற ஆரம்பிச்சிடுச்சு, அதாவது ஆண்கள் கணக்கு மாதிரியே ஆயிடுச்சு. ஆண்களுக்கு இதே மருந்தைக் கொடுத்தப்ப அந்தக் கணக்குல மாற்றம் இல்லை. அதே ஆய்வுல மாதவிடாய் நின்ன பெண்களையும் சேர்த்திருந்தாங்க, அவங்களுக்கு மருந்து கொடுக்கறதுக்கு முன்னாடியே நரம்பும் குழாயும் ஒண்ணோட ஒண்ணு சேர்ந்துதான் ஏறிட்டு இருந்துச்சு, பீட்டா கதவை அடைச்சும் எதுவும் மாறலை. அந்த எதிர்த்தாப்பல தளர்த்தற ஆள் அதுக்குள்ள வேலையை விட்டுப் போயாச்சுன்னு அர்த்தம்.

இங்க ஈஸ்ட்ரோஜன் வருது. சினைப்பை சுரக்கற இந்த ஹார்மோன் பீட்டா பக்கத்துக்குத் துணை நிக்கறதோட இன்னொரு வேலையும் பண்ணுது. ரத்தக்குழாயோட உள்பக்கத்துல ஒரே ஒரு அடுக்கா படிஞ்சிருக்கற செல்கள் நைட்ரிக் ஆக்சைடுங்கற வாயுவைத் தயாரிக்கும், அது பக்கத்துல இருக்கற தசையைத் தளரச் சொல்லும். இந்தச் சின்ன வாயு உடம்புல இப்படி ஒரு சிக்னலா வேலை செய்யுதுன்னு கண்டுபிடிச்சதுக்குத்தான் 1998ல ஃபர்ச்காட், இக்னாரோ, முராட் மூணு பேருக்கும் நோபல் கொடுத்தாங்க. ஈஸ்ட்ரோஜன் இருந்தா அந்த நைட்ரிக் ஆக்சைடு உற்பத்தி கூடும். அதனால இளவயசுல பொதுவா பெண்களோட குழாய்கள் கொஞ்சம் தளர்வாவும் வளைஞ்சு கொடுக்கற மாதிரியும் இருக்கு, சராசரி பிபியும் ஆண்களைவிட சில புள்ளி கம்மியா இருக்கு. பருவ வயசு வரைக்கும் பையனுக்கும் பொண்ணுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது, அதுக்கப்புறம்தான் பையன்களோட பிபி மேல பிரிஞ்சு போகுது.

ஆனா இந்தத் தளர்வுக்கு ஒரு விலையும் உண்டு. எழுந்து நிக்கறப்போ குழாய் சட்டுனு இறுகணும் இல்லையா, அந்த இடத்துல இளம்பெண்களுக்குக் கொஞ்சம் கஷ்டம். போதாததுக்கு சராசரியா பெண்களோட இதயம் சின்னது, ஒரு துடிப்புக்குத் தள்ளற ரத்தம் கம்மி, காலுக்கு ரத்தம் இறங்கிட்டா கையிருப்பு சீக்கிரம் குறைஞ்சிடும். அதனாலதான் ரொம்ப நேரம் நின்னா தலை சுத்தறது, மயக்கம் போடறது எல்லாம் இளம்பெண்கள் கிட்ட அதிகம். நின்ன உடனே இதயம் நிமிஷத்துக்கு 30 துடிப்புக்கு மேல எகிறற பாட்ஸ்ங்கற பிரச்சனையும் பெரும்பாலும் பெண்களுக்குத்தான் வருது. விண்வெளியிலேருந்து திரும்பி வர்றவங்கள்லயும் நிக்க முடியாம கண் இருட்டறது பெண்களுக்கு அதிகம்னு பாத்திருக்காங்க. இப்படித் தலை சுத்தற ஒரு பொண்ணை 'சரியா சாப்பிடறதில்லை'ன்னு மட்டும் திட்டறவங்களைப் பாத்தா எனக்கு வருத்தமா இருக்கும், அவங்க ரத்தக்குழாய் செய்யற வேலையே வேற.

இப்ப 45லேருந்து 55 வயசுக்குள்ள வருவோம். மாதவிடாய் நிக்குது, ஈஸ்ட்ரோஜன் சரசரன்னு குறையுது. நைட்ரிக் ஆக்சைடு குறையுது, பீட்டா கதவோட வேலை மங்கிடுது, ஆனா வயசாக ஆக சிம்பதெடிக் நரம்பு சிக்னல் ஏறிட்டே போகுது, அதுவும் பெண்களுக்கு ஆண்களைவிட வேகமா ஏறுது. முன்னாடி சிக்னல் போனாலும் குழாய் கண்டுக்காது, இப்ப சிக்னலும் அதிகம், கண்டுக்காம விடறதுக்கு ஆளும் இல்லை. உப்புக்கு பிபி ஏறற தன்மையும் இந்த வயசுல பெண்களுக்குக் கூடுது. எங்க அம்மாவுக்கு நடந்தது இதுதான்னு எனக்குத் தோணுது, அவங்க சாப்பாட்டுலயோ குணத்துலயோ ஒண்ணும் மாறலை, 30 வருஷமா பின்னாடி நின்னு தாங்கிட்டு இருந்த ஒண்ணு விலகிடுச்சு.

அதுக்காக எல்லாத்தையும் மெனோபாஸ் தலைல கட்டிடவும் முடியாது. 2020ல 32,000 பேருக்கு மேல, 5 வயசுலேருந்து 98 வயசு வரைக்கும், 43 வருஷ பிபி அளவுகளை வச்சு அமெரிக்காவுல ஒரு ஆய்வு வந்துச்சு. வழக்கமா செய்யற மாதிரி ஆணையும் பெண்ணையும் ஒண்ணா நிக்க வச்சு ஒப்பிடாம, பெண்களை அவங்களோட சொந்த இளவயசு அளவோடயே ஒப்பிட்டுப் பாத்தாங்க. அப்படிப் பாத்தப்போ பெண்களோட பிபி ஆண்களோடதைவிட செங்குத்தா ஏறுது, அந்த ஏத்தம் இருபதுகள்லயே ஆரம்பிச்சிடுது. கீழேருந்து கிளம்பறதால நம்பரைப் பாத்தா நார்மலா தெரியும், அவ்வளவுதான். 85லேருந்து 120க்கு ஏறின ஒரு பெண்ணையும் 112லேருந்து 120க்கு வந்த ஒரு ஆணையும் ஒரே தட்டுல வச்சு 'ரெண்டும் நார்மல்'னு சொல்றோம், அந்தப் பெண்ணோட குழாய் பாத்த மாற்றம் எவ்வளவுன்னு யோசிச்சுப் பாருங்க. அதே குழு 2021ல, பெண்களுக்கு இதய நோய் ரிஸ்க் ஏற ஆரம்பிக்கற மேல் நம்பர் ஆண்களோடதைவிடக் கீழயே இருக்குன்னும் சொன்னாங்க. சிகிச்சைக்கான எல்லைக்கோடு இன்னும் ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான், பெரும்பாலான இடங்கள்ல 140க்கு 90.

இதுவரைக்கும் நொடிக் கணக்கு. நாள் கணக்கு, வருஷக் கணக்குல பிபியைப் பிடிச்சு வைக்கறது கிட்னி. எவ்வளவு உப்பையும் தண்ணியையும் வெளிய விடணும்னு அது முடிவு பண்ணும், பிபி ஏறினா அதிகம் வெளியேத்தி இறக்கும். இதுக்குக் கூடவே ரெனின், ஆஞ்சியோடென்சின்னு ஒரு ஹார்மோன் சங்கிலி இருக்கு, இதைப் பத்தி எழுதினா தனிக் கட்டுரை ஆயிடும், சுருக்கமா சொல்றேன். ஆஞ்சியோடென்சின் 2ங்கறது குழாயை இறுக்கி உப்பைப் பிடிச்சு வச்சு பிபியை ஏத்தும். அதே சங்கிலில எதிர்ப்பக்கமா ஒரு கிளை இருக்கு, ஏசிஇ2ங்கற என்சைம், ஏடி2ங்கற ரிசெப்டார் (முன்னாடி சொன்ன கதவு மாதிரி ஒண்ணு) எல்லாம் குழாயைத் தளர்த்தற பக்கம். இந்த ரெண்டோட ஜீனும் எக்ஸ் குரோமோசோம்ல இருக்கு. ஈஸ்ட்ரோஜன் இருக்கறப்போ தராசு தளர்த்தற பக்கம் சாயும், ஆண்களுக்கு இறுக்கற பக்கம் அதிகம்னு பொதுவா சொல்றாங்க.

அப்ப ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன்தான் வில்லனான்னு கேப்பீங்க. எலிகள்ல பாத்தா அப்படித்தான் தெரியும், பரம்பரையா பிபி ஏறற எலி வகையில ஆண் எலியோட விரையை எடுத்துட்டா பிபி இறங்குது, டெஸ்டோஸ்டிரோன் கொடுத்தா ஏறுது, கிட்னி உப்பை வெளியேத்தற வேலையை அது மந்தப்படுத்துது. ஆனா மனுஷங்க கிட்ட வந்தா, டெஸ்டோஸ்டிரோன் குறைஞ்ச ஆண்களுக்குத்தான் பல நேரம் பிபி அதிகமா இருக்கு, உடல் பருமனும் அதுல கலந்திருக்கும். பெண்கள்ல ஆண் ஹார்மோன் கூடற பிசிஓஎஸ்ங்கற சினைப்பைப் பிரச்சனை இருந்தா பிபி வர்ற வாய்ப்பு கூடுது. ஒரே ஹார்மோன், எந்த உடம்புல, எந்த அளவுல இருக்குங்கறதைப் பொறுத்து வேற வேற விளைவு.

ஹார்மோன் மட்டும்தானா, குரோமோசோமுக்குப் பங்கே இல்லையான்னு பாக்க ஒரு அழகான எலிப் பரிசோதனை இருக்கு. விரை வரணுமா சினைப்பை வரணுமாங்கறதைத் தீர்மானிக்கற ஜீனை ஒய் குரோமோசோம்லேருந்து எடுத்து வேற இடத்துல வச்சுட்டாங்க, அதனால எக்ஸ்எக்ஸ் இருந்தும் விரையோட, எக்ஸ்ஒய் இருந்தும் சினைப்பையோட எலிகளை உருவாக்க முடிஞ்சுது. அப்புறம் விரையையும் சினைப்பையையும் அறுவை செஞ்சு எடுத்து ஹார்மோனையே இல்லாம ஆக்கிட்டு ஆஞ்சியோடென்சின் 2 கொடுத்தாங்க. 2010ல வந்த அந்த முடிவுல எக்ஸ்எக்ஸ் எலிகளுக்குத்தான் பிபி அதிகமா ஏறிச்சு. ஈஸ்ட்ரோஜன்ங்கற குடையை எடுத்துட்டா பெண் குரோமோசோம் காப்பாத்தறதில்லை, அந்தச் சூழ்நிலையில இன்னும் மோசமாவே ஆகலாம். மெனோபாஸுக்கு அப்புறம் நடக்கறதை நினைச்சுக்கிட்டே இதைப் படிச்சப்ப ஒரு நிமிஷம் அப்படியே உட்கார்ந்துட்டேன்.

'அப்ப ஈஸ்ட்ரோஜன் மாத்திரை போட்டா சரியாயிடுமே'ன்னு தோணறது இயல்பு. அவ்வளவு சுலபமா இல்லை. வாய்வழியா போடற ஈஸ்ட்ரோஜன் முதல்ல கல்லீரலுக்குப் போகும், அங்க ஆஞ்சியோடென்சினோட மூலப்பொருளை அதிகமா தயாரிக்க வைக்கும், அதனால கருத்தடை மாத்திரை போடற சில பெண்களுக்கு பிபி ஏறுது. அதுக்குத்தான் அந்த மாத்திரையை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி பிபி பாக்கணும்னு சொல்றது, ஏற்கனவே ஹை பிபி இருந்தா பொதுவா ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரையைத் தவிர்ப்பாங்க. மெனோபாஸ் ஆன பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜனும் ப்ரோஜெஸ்டினும் சேர்த்துக் கொடுத்த பெரிய அமெரிக்க ஆய்வை 2002ல பாதியிலேயே நிறுத்தினாங்க, இதயத்தைக் காப்பாத்தும்னு எதிர்பாத்ததுக்கு மாறா ஸ்ட்ரோக்கும் மார்பகப் புற்றுநோயும் கூடியிருந்துச்சு. மாத்திரை வடிவம், ஆரம்பிக்கற வயசு எல்லாமே இதுல பேசும், அதனால இது டாக்டரோட உட்கார்ந்து முடிவு பண்ண வேண்டிய விஷயம்.

பிபி மாத்திரைகள் விஷயத்துலயும் வித்தியாசம் இருக்கு. எனலாப்ரில், ராமிப்ரில் மாதிரி 'ப்ரில்'னு முடியற மருந்துகளால வர்ற வறட்டு இருமல் பெண்களுக்கு அதிகம். ஆம்லோடிபின் போட்டா கணுக்கால் வீங்கறதும் அவங்களுக்கு அதிகம். தையசைடு வகை நீர் மாத்திரையில சோடியம் குறையறதும் அப்படித்தான். மெட்டோப்ரொலால் ஒரே டோஸ் கொடுத்தாலும் பெண்களோட ரத்தத்துல அளவு கூடுதலா நிக்கும். இந்த மருந்துகளோட பழைய பெரிய ஆய்வுகள்ல பலதுல ஆண்கள்தான் பெரும்பான்மை, பரிசோதனைக்கூட எலிகளும் அனேகமா ஆண் எலிகள், அமெரிக்காவோட தேசிய சுகாதார நிறுவனமே ஆண், பெண் ரெண்டையும் கணக்குல எடுக்கணும்னு 2016லதான் கட்டாயம் ஆக்குச்சு. இருமல் வருது, கால் வீங்குதுன்னு வீட்டுல ஒரு பெண் சொன்னா சும்மா சொல்றாங்கன்னு விடாதீங்க, மாத்திரையைத் தானா நிறுத்தவும் வேண்டாம், டாக்டர் கிட்டச் சொன்னா வேற வகை மாத்தித் தருவாங்க.

ஒண்ணு இங்கயே சொல்லிடறேன், இதெல்லாம் சராசரிக் கணக்கு. ஆண்களுக்குள்ளயும் பெண்களுக்குள்ளயும் ஆளுக்கு ஆள் நிறைய வித்தியாசம் இருக்கு, ரெண்டு கூட்டமும் பெரும்பாலும் ஒண்ணுமேல ஒண்ணு படிஞ்சுதான் இருக்கும். உங்க பிபி உங்களோடது, அதை அளந்துதான் தெரிஞ்சுக்கணும்.

கடைசியா கர்ப்பம். ஒரு பெண்ணோட ரத்தக்குழாய்களுக்கு இதைவிடப் பெரிய பரீட்சை கிடையாது. ரத்தத்தோட நீர்ப்பகுதி கிட்டத்தட்ட பாதி அளவு கூடுது, இதயம் தள்ளற ரத்தம் 30லேருந்து 50 சதவீதம் வரைக்கும் கூடுது, இவ்வளவு கூடியும் நடு மாதங்கள்ல பிபி இறங்கத்தான் செய்யும், ஏன்னா குழாய்கள் அந்த அளவுக்கு விரிஞ்சு கொடுக்குது. சிலருக்கு அந்த விரிவு சரியா நடக்காது, 20 வாரத்துக்கு அப்புறம் பிபி 140க்கு 90க்கு மேல போய், சிறுநீர்ல புரதம் போறது மாதிரி மத்த அறிகுறிகளும் சேர்ந்தா அதுதான் ப்ரீ-எக்லாம்ப்சியா. தாய்க்கும் குழந்தைக்கும் ஆபத்தான நிலை. 'ப்ரில்' வகை மருந்துகளையும் லோசார்ட்டன், டெல்மிசார்ட்டன் வகையையும் கர்ப்பத்துல கொடுக்கவே மாட்டாங்க, குழந்தையோட கிட்னியைப் பாதிக்கும், அதனால ஏற்கனவே அதைப் போட்டுட்டு இருக்கறவங்க குழந்தைக்குத் திட்டமிடறப்பவே சொல்லிடணும்.

பிரசவம் ஆனா பிபி பெரும்பாலும் சில வாரத்துல இறங்கிடும், எல்லாரும் 'அது பிள்ளைத்தாச்சியா இருந்தப்ப வந்தது, போயிடுச்சு'ன்னு மறந்துடுவாங்க. ஆனா ப்ரீ-எக்லாம்ப்சியா வந்தவங்களுக்குப் பிற்காலத்துல ஹை பிபி வர்ற வாய்ப்பும் அதிகம், இதய நோய் வர்ற வாய்ப்பு மத்தவங்களைவிட சுமார் ரெண்டு மடங்கு. 50 வயசுல பிபி பாக்கப் போற பெண் கிட்ட '25 வருஷம் முன்னாடி உங்க பிரசவத்துல பிபி ஏறிச்சா'ன்னு கேக்கற டாக்டர் கம்மி, அந்தப் பெண்ணுக்கும் அது ஞாபகத்துல வராது. எங்க அம்மா கிட்ட நான் போன வருஷம்தான் கேட்டேன். 'ஆமா, உன்னைச் சுமந்தப்ப கால் எல்லாம் வீங்கி, ஏழாம் மாசத்துலேருந்தே படுக்கச் சொல்லிட்டாங்களே'ன்னு சாதாரணமா சொன்னாங்க. அவங்களோட பிபி ஃபைல்ல இது எங்கயும் இல்லை. அடுத்த தடவை போனப்ப சொல்லி எழுத வச்சேன்.